மாலையோட சேர்த்து அந்த மூணு ஃபார்மையும் எடுத்துட்டு வாங்க

திருவொத்தியூர், மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இருக்கிற எல்லா தொழிற்சங்க நிர்வாகிகளுக்கும் எழுதறேன். எந்தக் கொடி, என்ன கலர்னு பாக்கல, எல்லாருக்கும்தான்.

அண்ணன்மாருங்க, அக்காமாருங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் தேரடி பக்கத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை பண்ற ஒரு சின்ன கடை வச்சிருக்கேன். ஷிஃப்ட் முடிஞ்சு போற ஆளுங்க பிஎஃப் பேலன்ஸ் பாக்க, அட்வான்ஸ் போட, ஆதார்ல பேரு சரி பண்ணன்னு வருவாங்க. அதுல ஒருத்தர் திடீர்னு இறந்துட்டா கொஞ்ச நாள் கழிச்சு அவரு வீட்டம்மா அதே கடைக்கு வருவாங்க, கைல ஒரு கட்டப்பை, அதுக்குள்ள ரேஷன் கார்டு, டெத் சர்டிபிகேட், கம்பெனி ஐடி கார்டு, பேங்க் பாஸ்புக்குன்னு எல்லாம் போட்டுக் கொண்டாந்து மேசை மேல கொட்டிட்டு "இதுல எது வேணும்னு நீயே பாரும்மா"ன்னு சொல்லுவாங்க. அங்கதான் தெரியும், அவரு உயிரோட இருந்தப்ப அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்க வேண்டிய ஒரு வேலைய, தனக்கப்புறம் பிஎஃப் பணம் யாருக்குன்னு நாமினி பேரு போடற வேலைய, முடிக்காததால இந்தம்மா இனி எத்தன மாசம் அலையப் போறாங்கன்னு.

இத நான் பிஎஃப் ஆபீசுக்கு எழுதல, உங்களுக்குத்தான் எழுதறேன். அந்த ஆபீசுக்கு இறந்தவரு ஒரு நம்பர். உங்களுக்கு அவரு பக்கத்துல நின்னு வேலை செஞ்ச ஆளு, அவருக்கு எப்ப கல்யாணம் ஆச்சு, எத்தன புள்ளைங்க, அம்மா யாரு கூட இருக்காங்க எல்லாம் உங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு மொய் வச்சவங்களே நீங்கதானே. எங்கப்பா பெரம்பூர் மில்லுல வேலை செஞ்சவரு. 1918ல அந்த மில்லு தொழிலாளிங்க சேந்து மெட்ராஸ் லேபர் யூனியன ஆரம்பிச்ச கதைய அவரு சொல்லித்தான் நாங்க வளர்ந்தோம், 1923ல சிங்காரவேலர் பீச்சுல மே தினம் கொண்டாடினதையும் சொல்லுவாரு. சங்கம்னா எங்க வீட்ல ஒரு மரியாதை உண்டு, அந்த மரியாதையோடதான் கேக்கறேன்.

ஒரு தொழிலாளி இறந்துட்டா நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாத்திருக்கேன். மாலையோட வர்றீங்க, கொடிய அரைக்கம்பத்துல விடறீங்க, கேட்ல கலெக்ஷன் பண்ணி குடும்பத்துக்குக் குடுக்கறீங்க, உள்ள அடிபட்டு இறந்திருந்தா நஷ்ட ஈடுக்கு மேனேஜ்மென்ட்டோட சண்ட போடறீங்க, வாரிசு வேலைக்கு மனு குடுக்கறீங்க. இதுல ஒண்ணையும் நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மனுஷன் இத்தன வருஷம் மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக் குடுத்த காசு, அவரு பேர்ல இருக்கிற இன்சூரன்சு, அவரு பொண்டாட்டி புள்ளைங்களுக்கு வரவேண்டிய பென்ஷன், இது மூணும் மட்டும் அந்தம்மா தலையில விழுது. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எல்லாரும் போயிடறாங்க, அவங்க மட்டும் அந்த பையத் தூக்கிக்கினு கெளம்பறாங்க.

மொதல்ல கல்யாண விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா நான் பாக்கற சிக்கல்ல பெரும்பாலானது இங்கதான் ஆரம்பிக்குது.

பையன் இருபது இருபத்தோரு வயசுல வேலைக்கு சேர்றான். சேரும்போது ஃபார்ம் 2 குடுப்பாங்க, நாமினின்னு இருக்கிற எடத்துல அம்மா பேரையோ அண்ணன் பேரையோ எழுதிக் குடுத்துடுவான். அப்புறம் கல்யாணம் ஆகுது, புள்ளைங்க பொறக்குது, அந்த ஃபார்மோட ஞாபகமே அவனுக்கு இருக்காது. பிஎஃப் ஸ்கீம்ல தெளிவா இருக்கு: கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆன அன்னைக்கே செல்லாது, புதுசாப் போடணும். இது நம்ம ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதுமட்டுமில்ல, குடும்பம்னு இருக்கிற ஆளு குடும்பத்துக்குள்ள இருக்கிறவங்களத்தான் நாமினியாப் போட முடியும். ஆம்பளைக்கு குடும்பம்னா பொண்டாட்டி, புள்ளைங்க, அவர நம்பி இருக்கிற அப்பா அம்மா, மகன் இறந்திருந்தா மருமகளும் பேரப்புள்ளைங்களும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. ஆனா நம்ம ஊர்ல எத்தன வீட்ல அண்ணன் தம்பி பேரு அந்தப் பழைய ஃபார்ம்ல கெடக்குது தெரியுமா, அத நம்பிக்கினு "எம்பேருதான் இருக்கு"ன்னு தம்பி வந்து நிக்கறப்ப அந்தப் பொண்ணு பயந்து போய் எங்கிட்ட வந்து "எனக்கு எதுவும் கெடைக்காதாக்கா"ன்னு கேக்குது. கெடைக்கும்மா, உனக்குத்தான் கெடைக்கும்னு சொல்லி சட்டத்த எடுத்துக் காட்டி புரிய வைக்கிறதுக்குள்ள அந்த வீட்ல பேச்சுவார்த்தையே நின்னு போயிருக்கும்.

செல்லுபடியாகற நாமினேஷனே இல்லன்னா என்ன ஆகும்? பிஎஃப் பணம் குடும்பத்துல இருக்கிறவங்களுக்கு சமமாப் பிரியும். அதுலயும் பதினெட்டு வயசு முடிஞ்ச மகனுக்கும், புருஷன் உயிரோட இருக்கிற கல்யாணமான மகளுக்கும் பங்கு கெடையாது, மத்தவங்க இருக்கிறப்ப. அதாவது வீட்ல பொண்டாட்டி, படிக்கிற பொண்ணு, மகன நம்பி இருக்கிற அம்மா இவங்க மூணு பேரு இருந்தா மூணு சமபங்கு. இருபத்தி ரெண்டு வயசு மூத்த மகனுக்குப் பங்கில்ல. இது நியாயமா இல்லையான்னு நான் சொல்ல வரல, என் கருத்துல பெத்த அம்மாவுக்கும் ஒரு பங்கு போறது நல்லதுதான், ஆனா அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப அவரே ஒக்காந்து அம்மாவுக்கு இவ்ளோ, பொண்டாட்டிக்கு இவ்ளோ, பொண்ணுக்கு இவ்ளோன்னு சதவீதம் போட்டு எழுதியிருக்கலாம், அந்த உரிமை அவருக்கு இருந்துச்சு. எழுதாமப் போனதால வாரிசு சான்றிதழ் கேப்பாங்க, அதுக்கு தாலுகா ஆபீஸ், அதுல எல்லாரு பேரும் வரணும், மாமியார் கையெழுத்து போட மாட்டேன்னு நிப்பாங்க, அப்பிடியே மாசங்கள் ஓடும்.

இப்ப எல்லாம் ஆன்லைன்லயே நாமினேஷன் போடலாம். யூஏஎன், அதாவது பிஎஃப்ல ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிற நம்பர், ஆக்டிவேட் ஆகியிருக்கணும், ஆதார்ல மொபைல் நம்பர் இணைச்சிருக்கணும், குடும்பத்துல இருக்கிறவங்க ஆதாரும் போட்டோவும் வேணும், ஓடிபி வந்தா முடிஞ்சுது. கம்பெனி கையெழுத்தே தேவையில்ல, அதனால ஹெச்ஆர் கிட்ட போய் நிக்க வேண்டாம், கான்ட்ராக்டர் கிட்ட கெஞ்ச வேண்டாம். அப்பிடிப் போட்டிருந்தா அவரு போனதுக்கப்புறம் நாமினியே ஆன்லைன்ல க்ளெய்ம் போட வழி இருக்கு. இத நான் கடைல வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன், "நாளைக்குப் பாக்கலாம்க்கா, சாவப் பத்தி இப்ப எதுக்கு பேச்சு"ன்னு போயிடறாங்க. நான் சொன்னா அப்பிடி. நீங்க கேட் மீட்டிங்ல சொன்னா கேப்பாங்க.

அடுத்தது இன்சூரன்சு. ஈடிஎல்ஐன்னு ஒண்ணு இருக்கு, இதப் பத்தி பேசினாலே நெறைய பேரு "அப்பிடியா, எல்ஐசி பாலிசி எதுவும் போடலயே"ன்னு கேக்கறாங்க. நீங்க போட வேண்டியதில்ல, உங்க சம்பளத்துலேர்ந்து ஒரு பைசா புடிக்கறதும் இல்ல, கம்பெனிதான் சம்பளத்துல அரை சதவீதம் கட்டுது. பிஎஃப்ல இருக்கிற தொழிலாளி வேலைல இருக்கும்போது இறந்தா, உள்ள அடிபட்டு இறந்தாலும் சரி, வீட்ல தூக்கத்துல மாரடைப்பு வந்து இறந்தாலும் சரி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல லாரி மோதி இறந்தாலும் சரி, குடும்பத்துக்கு அந்தப் பணம் வரணும். 2021லேர்ந்து அதிகபட்சம் 7 லட்சம். கடைசி பன்னெண்டு மாசமும் தொடர்ந்து வேலைல இருந்திருந்தா கொறஞ்சது இரண்டரை லட்சம். கணக்கு எப்பிடின்னா, அந்தப் பன்னெண்டு மாச பேசிக்கும் டிஏவும் சேர்ந்த சராசரிய முப்பத்தஞ்சால பெருக்கணும், அந்த சராசரி 15,000க்கு மேல இருந்தாலும் 15,000ன்னுதான் எடுப்பாங்க, அதோட பிஎஃப் கணக்குல இருந்த சராசரி பேலன்சுல பாதிய கூட்டணும், அந்தப் பாதி 1,75,000 வரைக்கும் போகலாம். மாசம் 12,000 பேசிக், பிஎஃப்ல சராசரியா 60,000 இருந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் போட்டுப் பாருங்க: 4,20,000 கூட 30,000, மொத்தம் 4,50,000. அவரு பிஎஃப் கணக்குல இருக்கிறதே அறுபதாயிரந்தான், அத வாங்கினதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு வீட்டுக்குப் போயிட்ட அம்மாங்கள நான் பாத்திருக்கேன், பக்கத்துலயே நாலரை லட்சம் யாரும் கேக்காம நின்னுக்கினு இருந்திருக்கு.

இதுல உங்களுக்கு முக்கியமான ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் கான்ட்ராக்டர் வருஷத்துக்கு ஒருதடவ மாறுவாரு, அதே கேட்டு, அதே மெஷினு, அதே ஆளு, ஆனா சம்பளம் குடுக்கிற பேரு மட்டும் வேற. பன்னெண்டு மாசம்ங்கறது ஒரே முதலாளிகிட்ட இருக்கணும்னு அவசியமில்ல, ரெண்டு மூணு எடம் மாறியிருந்தாலும் தொடர்ந்து இருந்தாப் போதும். "அவரு எங்ககிட்ட சேந்து நாலு மாசந்தான் ஆச்சு, இன்சூரன்சு வராது"ன்னு கான்ட்ராக்டர் ஆளு சொன்னா நம்பாதீங்க, பழைய கான்ட்ராக்டரோட கணக்கையும் எடுத்து வச்சு கேளுங்க.

இன்னொண்ணு, இதச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியுது. தொழிலாளி ஆஸ்பத்திரில படுத்திருப்பாரு, கிட்னி ஃபெயிலியரோ கேன்சரோ, ரெண்டு மூணு மாசம் வேலைக்குப் போயிருக்க மாட்டாரு. அந்த நேரத்துல அவரு வேலைய விட்டுட்டதா சிஸ்டத்துல எக்ஸிட் தேதி போட்டுடறாங்க. அப்புறம் அவரு இறந்ததும் "வேலைல இருக்கும்போது சாகலயே"ன்னு சொல்லி இன்சூரன்சு கெடையாதுன்னு ஆயிடுது. 2025ல இந்த விதிய கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க, கடைசியா பணம் கட்டின மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள இறந்திருந்தா, பேரு கம்பெனி ரோல்ல இருந்தா, இன்சூரன்சு உண்டு. பேரு ரோல்ல இருந்தா. அந்த ஒரு கண்டிஷனுக்காகத்தான் உங்ககிட்ட சொல்றேன், நோயில படுத்த ஒரு ஆளோட பேர அடிக்கிறாங்களான்னு பாக்க வெளிய இருக்கிற என்னால முடியாது, அவரு பொண்டாட்டியாலயும் முடியாது, அவங்க ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல ஒக்காந்திருப்பாங்க. உங்களாலதான் முடியும். மெடிக்கல் லீவ்ல இருக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி வச்சு, எக்ஸிட் போடக்கூடாதுன்னு மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டர் குடுங்க, கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் குடுங்க.

பென்ஷனுக்கு வர்றேன். 58 வயசு ஆனாத்தான் பென்ஷன், பத்து வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் பென்ஷன்னு எல்லாரு மனசுலயும் பதிஞ்சு போச்சு. உயிரோட ரிட்டையர் ஆகிறவருக்கு அந்தப் பத்து வருஷம் சரி. வேலைல இருக்கும்போது இறந்தவரோட பொண்டாட்டிக்கு அந்தக் கணக்கு கெடையாது, ஒரே ஒரு மாசம் பென்ஷன் ஃபண்டுக்கு பணம் போயிருந்தாலே விதவை பென்ஷன் உண்டு. ஒரு மாசம்! மூணு வருஷம் வேலை செஞ்சு இறந்த பையனோட பொண்டாட்டிகிட்ட "பத்து வருஷம் ஆகலம்மா"ன்னு சொல்லி பென்ஷனுக்கான ஃபார்ம் 10டி குடுக்காமலே அனுப்பிடறாங்க, அந்தப் பொண்ணும் பிஎஃப் மட்டும் வாங்கிட்டுப் போயிடுது. பொண்டாட்டி இறந்தா புருஷனுக்கும் இதே பென்ஷன் உண்டு, இது ஆம்பளைங்களுக்கே தெரியல.

கொறஞ்சபட்ச பென்ஷன் மாசம் ஆயிரம் ரூபா, 2014லேர்ந்து அதேதான். அது போதாதுன்னு நீங்க போராடறீங்க, போராடத்தான் வேணும், இன்னைக்கு கேஸ் சிலிண்டர் வாங்கினா மிச்சம் என்ன இருக்கு. ஆனா அந்த ஆயிரம் கூட வாங்காத அம்மாங்க நம்ம தெருவுல இருக்காங்க, அவங்களையும் சேர்த்துத்தான் அந்தப் போராட்டம். புள்ளைங்களுக்கும் தனியா உண்டு, ஒவ்வொரு புள்ளைக்கும் அம்மா பென்ஷன்ல கால் பங்கு, ஒரே நேரத்துல ரெண்டு புள்ளைங்களுக்கு, 25 வயசு வரைக்கும். பதினெட்டு ஆனா நின்னுடும்னு நெனைக்கிறாங்க, அப்பிடியில்ல. மூத்தவனுக்கு 25 ஆனதும் மூணாவது புள்ளைக்கு ஆரம்பிக்கும். உடம்பு முடியாத, மனவளர்ச்சி இல்லாத புள்ளைன்னா ஆயுசுக்கும். ரெண்டு பேரும் இல்லாத அனாதைப் புள்ளைன்னா முக்கால் பங்கு. இறந்தவரு தன்னோட அம்மா பேர நாமினின்னு எழுதியிருந்தாலும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கிற வரைக்கும் பென்ஷன் அவங்களுக்குத்தான், அது வேற கணக்கு, பிஎஃப்போட கொழப்பிக்கக் கூடாது.

மறுமணம் பத்தியும் சொல்லிடறேன், யாரும் வெளிப்படையா பேச மாட்டேங்கறாங்க. சின்ன வயசுல புருஷன எழந்த பொண்ணு மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டா அவங்களோட விதவை பென்ஷன் நிக்கும், உண்மைதான். ஆனா புள்ளைங்களோட பென்ஷன் நிக்காது, அந்த முக்கால் பங்கு கணக்குக்கு ஏறும். அவங்க நாமினியா வாங்கின பிஎஃப் பணத்த திருப்பிக் குடுன்னு கேக்கிறதுக்கும் யாருக்கும் உரிமை இல்ல. "நீ கல்யாணம் பண்ணா எல்லாம் போயிடும்"னு மாமியார் வீட்ல மெரட்டி அந்தப் பொண்ண ஒடுக்கி வச்சிருக்கறத நான் பாத்திருக்கேன், இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு. சங்கத்துல மகளிர் அணி வச்சிருக்கிற அக்காமாருங்க இத கொஞ்சம் வாய் தெறந்து பேசுங்க.

எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை செய்யற பெண்களுக்கும் தனியா சொல்லணும். புருஷன் விட்டுட்டுப் போயி வருஷக்கணக்கா ஆச்சு, இந்தம்மா தனியா உழைச்சு புள்ளைங்கள வளக்கிறாங்க. இவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புருஷன் வந்து நானும் குடும்பம்னு நிப்பான். பெண் உறுப்பினர், என் புருஷன குடும்பத்துலேர்ந்து நீக்கறேன்னு பிஎஃப் கமிஷனருக்கு எழுத்துல குடுத்துட்டா பிஎஃப் பணத்துக்கு அவன் குடும்பக் கணக்குல வர மாட்டான். டைவர்ஸ் வரைக்கும் போக வேண்டாம், ஒரு லெட்டர் போதும். அத ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பி அந்த ஒப்புகை அட்டைய பத்திரமா வைக்கணும், புள்ளைங்க பேர்ல புது நாமினேஷனும் போட்டுடணும்.

அப்புறம் கடன்காரங்க. நீங்க எல்லாரும் இந்த ஊர்லதான் இருக்கீங்க, கந்துவட்டி, மீட்டர் வட்டி, குழு லோன் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. காரியம் முடியறதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பாங்க, "பிஎஃப் வருதில்ல, அதுல குடுத்துடு"ன்னு. சில பேரு ஏடிஎம் கார்டையே வாங்கி வச்சுக்கறாங்க. தொழிலாளி இறந்தப்ப அவரு கணக்குல இருக்கிற பிஎஃப் பணம் நாமினிக்குப் போறப்ப, அவரு வாங்கின கடனுக்கோ நாமினி அதுக்கு முன்னாடி வாங்கியிருந்த கடனுக்கோ அது பொறுப்பாகாது, கோர்ட்டால கூட ஜப்தி பண்ண முடியாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்கு. இந்த ஒரு வரிய கடன்காரன் முன்னாடி சொல்றதுக்கு அந்தம்மாவுக்கு தைரியம் இருக்காது, தனியா இருக்காங்க, தெருவுல மானம் போயிடும்னு பயப்படறாங்க. சங்கத்துலேர்ந்து ரெண்டு பேரு அந்த வாசல்ல போய் நின்னு சொன்னா கதையே வேற. இத நான் கேக்கற எல்லாத்துலயும் பெரிய உதவியா நெனைக்கிறேன்.

பேப்பர் விஷயத்துக்கு வரலாம், இத வேகமா சொல்லிடறேன். பிஎஃப்புக்கு ஃபார்ம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்சுக்கு 5ஐஎஃப். மூணையும் சேர்த்து ஒரே க்ளெய்ம் ஃபார்மாவும் இப்ப இருக்கு. அதுல வேலை குடுத்தவரு கையெழுத்து கேக்கும், கான்ட்ராக்டர் ஓடிட்டாரு, கம்பெனி மூடிடுச்சுன்னா கெஸட்டட் ஆபீசர், போஸ்ட் மாஸ்டர், எம்எல்ஏ, பேங்க் மேனேஜர் மாதிரி ஆளுங்க அட்டெஸ்ட் பண்ணாலும் எடுத்துக்கணும். சின்னப் புள்ளைங்க பங்குக்கு கோர்ட்டுல கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வான்னு சொல்லி ஒரு காலத்துல அலைய விடுவாங்க, 2025 ஆகஸ்ட்ல பிஎஃப் தலைமை ஆபீசே சர்குலர் போட்டிருச்சு, பணம் புள்ளையோட பேர்ல இருக்கிற பேங்க் கணக்குக்கே போறதா இருந்தா அந்த சர்டிபிகேட் கேக்கக்கூடாதுன்னு. அதனால புள்ளைங்க ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் தெறந்து வைக்கச் சொல்லுங்க. எல்லா பேப்பரும் சரியா குடுத்தா 20 நாள்ல முடிச்சாகணும், காரணமில்லாம இழுத்தா 12 சதவீதம் வட்டி போடலாம், அத அந்த கமிஷனர் சம்பளத்துலேர்ந்தே புடிக்கலாம்னு ஸ்கீம்லயே எழுதியிருக்கு. இது உங்க லெட்டர்பேட்ல போற வரி, என் கடை லெட்டர்ல எழுதினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ரொம்ப நாள் க்ளெய்ம் போடாமலே விட்டா மூணு வருஷத்துக்கப்புறம் வட்டி நின்னுடும், அசல் அப்பிடியே இருக்கும், அதனால பழைய சாவுன்னு விட்டுட வேண்டாம், இப்பவும் கேக்கலாம்.

கான்ட்ராக்டர் சம்பளத்துல புடிச்சுட்டு கட்டாம விட்டிருந்தா? அந்தக் கேட்டுக்குள்ள வேலை வாங்கின பெரிய கம்பெனிதான் அதுக்குப் பொறுப்பு, கான்ட்ராக்ட் ஆளுங்களோட பிஎஃப்ப கட்ட வேண்டிய கடமை முதன்மை முதலாளிக்கு உண்டு. ஆனா இது செத்தப்புறம் கண்டுபுடிக்கிற விஷயமா இருக்கக்கூடாது. யூஏஎன்ல பதிஞ்ச மொபைல்லேர்ந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா பேலன்ஸ் மெசேஜ் வரும், காசு செலவில்ல. சம்பள நாள் அன்னைக்கு எல்லாரையும் ஒண்ணா அடிக்கச் சொல்லுங்க, யாருக்கு ஏறல, யாருக்கு மெசேஜே வரலன்னு அங்கயே தெரிஞ்சுடும். ஆதார்ல சண்முகம், பிஎஃப்ல ஷண்முகம்னு இருக்கிற பேரு, ஒரு வருஷம் தள்ளிப் போன பொறந்த தேதி, ஒரே ஆளுக்கு மூணு கான்ட்ராக்டர்கிட்ட மூணு யூஏஎன், இதெல்லாம் அவரு உயிரோட இருக்கும்போது சரி பண்றது சுலபம், போனப்புறம் அந்த ஓடிபி வர்ற சிம் கார்டே கட் ஆயிருக்கும்.

ஐசிஎஃப், போர்ட், ரயில்வேன்னு சர்க்கார் பென்ஷன்ல இருக்கிறவங்களுக்கு விதி வேற, அத இதுல கலக்கல. நான் சொல்றது பிஎஃப்ல இருக்கிற பெர்மனென்ட், கான்ட்ராக்ட், ட்ரெய்னி எல்லாருக்கும். கான்ட்ராக்ட் ஆளுங்க எங்க சங்கத்துல மெம்பர் இல்லன்னு சில பேரு சொல்லக்கூடும். அவங்களையும் சேருங்கன்னு கேக்கறேன், ஏன்னா ரொம்ப சிக்கல்ல மாட்டறது அவங்க வீட்டு அம்மாங்கதான், அவங்களுக்காகப் பேச அந்த கேட்ல உங்களத் தவிர யாருமில்ல.

நான் கேக்கறது என்னன்னு சொல்லிடறேன். கூலி உயர்வுக்கு மேனேஜ்மென்ட்டோட நீங்க போடற ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து சேருங்க, வருஷத்துக்கு ஒருதடவ எல்லா தொழிலாளியோட நாமினேஷனும் சரியா இருக்கான்னு மேனேஜ்மென்ட்டும் சங்கமும் சேர்ந்து பாக்கணும், கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேர்த்துன்னு. மேனேஜ்மென்ட்டுக்கு பைசா செலவில்லாத கோரிக்கை, மறுக்க மாட்டாங்க. யாருக்காவது கல்யாணம்னா சங்கத்துலேர்ந்து மொய் வைக்கப் போறப்ப மாப்பிள்ளைகிட்ட காதோட சொல்லிட்டு வாங்க, ஒரு மாசத்துல நாமினேஷன் மாத்திடுன்னு. சங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ஒரு ஆள நியமிங்க, வயசான தோழர் ஒருத்தர் போதும், ஒரு நோட்டு, அதுல பேரு, யூஏஎன், நாமினி, எப்ப போட்டதுன்னு எழுதிக்கினு வரட்டும். மாசாமாசம் 27ஆம் தேதி பிஎஃப்காரங்க மாவட்டத்துக்கு மாவட்டம் கேம்ப் போடறாங்க, அந்த கேம்ப நம்ம பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துலயோ சங்கக் கட்டடத்துலயோ போடச் சொல்லி மனு குடுங்க, திருவொத்தியூர்லேர்ந்து ஒரு பொம்பள ரெண்டு பஸ் மாறி ஆபீசுக்குப் போறதவிட அவங்க இங்க வர்றது சுலபம்.

கேட் மீட்டிங்குக்கு ஒரு நாள் சொல்லுங்க. காலை ஷிஃப்ட் விடற நேரமா இருந்தா நல்லது. என் லேப்டாப்பையும் பிரிண்டரையும் நானே எடுத்துட்டு வர்றேன், கரண்ட்டுக்கு ஒரு வயர் இழுத்துக் குடுங்க, ஒரு டேபிள் போடுங்க. ஆளுங்கள ஆதார் கார்டு, ஆதார்ல இணைச்ச போன், பொண்டாட்டி புள்ளைங்க போட்டோவோட வரச் சொல்லுங்க. நாமினேஷன் போடறதுக்கு யார்கிட்டயும் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
தேரடி ஜெராக்ஸ் கடைக்காரம்மா
திருவொத்தியூர்